புறாவுக்கு வலையா, முள்ளா? பால்கனியில் எது நிற்கும், எது நிற்காது

அம்மாவுக்கு மூன்று மாதமாக விடாத வறட்டு இருமல். நுரையீரல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுப் பக்கம் புறா இருக்கா?" என்பதுதான். இருந்தது. சென்னையில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஏசி அவுட்டோர் யூனிட்டின் மேல் ஒரு ஜோடி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பால்கனி கைப்பிடிச் சுவர் முழுக்க எச்சம். அம்மா தினமும் காலையில் அதைத் துடைப்பத்தால் காய்ந்தபடியே பெருக்கி அள்ளுவார். காய்ந்த எச்சத் தூசியும் இறகுத் துகளும் மூச்சோடு போனால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரலாம், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் அந்த எச்சத்தில் வளரும் என்று மருத்துவர் விளக்கியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்கப்புறம் எட்டு மாதத்தில், கடையில் கிடைக்கிற ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பறவையின் காட்டு முன்னோர்கள் மலைப்பாறை விளிம்புகளிலும் இடுக்குகளிலும் கூடு கட்டி வாழ்ந்தவை. கட்டட மாடங்களில் தங்குவதால் நாம் மாடப்புறா என்கிறோம். அதன் கண்ணுக்கு நம் சன்ஷேடும் ஏசி பெட்டியும் பாறை விளிம்புகள். பிடித்த இடத்தை அவ்வளவு லேசில் விடாது. பிடித்துக்கொண்டுபோய் தாம்பரத்தில் விட்டாலும் திரும்பி வந்துவிடும். ஆகவே கடையில் விற்பவற்றை இரண்டாகப் பிரித்தால் போதும்: பயமுறுத்துபவை, இடத்தை அடைப்பவை.

பயமுறுத்துபவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சிடி தொங்கவிட்டேன், பளபள ரிப்பன் கட்டினேன், கண்ணை உருட்டும் ஆந்தை பொம்மை வைத்தேன். நான்கு நாள் தள்ளி உட்கார்ந்தன. ஐந்தாம் நாள் ஆந்தையின் தலையிலேயே எச்சம் கிடந்தது. அசையாத ஒன்று தன்னை எதுவும் செய்யாது என்று புறா சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறது. அல்ட்ராசோனிக் கருவியை வாங்கவே வாங்காதீர்கள். அது எழுப்பும் ஒலி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். புறாவின் காதுக்கு அது எட்டவே எட்டாது. ஒட்டும் ஜெல்லும் வேண்டாம். நம் ஊர்த் தூசி படிந்து சில வாரங்களில் வீணாகிவிடும், அதற்குள் தையல்சிட்டு மாதிரி சின்னப் பறவை ஏதாவது இறகு ஒட்டித் தவிக்கும். எச்சத்துக்குப் பயந்து அந்தப் பாவத்தைத் தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையான போட்டி, புறா உட்கார முடியாதபடி முட்கள் நிமிர்ந்து நிற்கும் முள் பட்டைக்கும் வலைக்கும்தான்.

முள் பட்டை குறுகிய இடத்துக்கானது. கைப்பிடிச் சுவரின் மேற்பகுதி, சன்ஷேடின் ஓரம், வெளியே ஓடும் தண்ணீர்க் குழாய், பெயர்ப்பலகை மேல் விளிம்பு. அங்கே இதை அடித்துக்கொள்ள வேறு ஆளில்லை. சிலிகான் வைத்து நாமே ஒட்டிவிடலாம். எனக்கு அடி 80 ரூபாய் ஆனது. முழுக்க பிளாஸ்டிக்கில் வருவதை நம் வெயில் விட்டுவைக்காது, நாளடைவில் நொறுங்கும். முள் மட்டுமாவது துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சுவரின் அகலத்தை அளந்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை எத்தனை வரிசை வேண்டுமோ அத்தனையும் ஒட்ட வேண்டும். பின்னால் ஒரு கையகலம் மிச்சம் விட்டால், புறா அங்கே உட்கார்ந்துகொள்ளும். துணி காயப்போடும் இடத்தில் இது வேண்டாம், சேலை கிழியும்.

அகலமான இடத்தில் முள்ளை வைத்ததுதான் நான் செய்த தவறு. ஏசி பெட்டியின் மேல் இரண்டு வரிசை ஒட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால், முட்களுக்கு நடுவே ஈர்க்குச்சிகளைச் சொருகி, யாரோ எறிந்த கேபிள் டை, ஒரு துண்டு ஒயர் எல்லாம் சேர்த்து முன்பைவிடக் கெட்டியான கூடு. வழக்கமாகப் புறாக் கூடு நாலு குச்சியைச் சிதறவிட்டது மாதிரி இருக்கும், காற்றடித்தால் சரியும். என் முட்கள் அதற்குக் கால் ஊன்றிக் கொடுத்திருந்தன. இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு மேக்பை பறவை சுமார் 1,500 முட்களைப் பிடுங்கித் தன் கூட்டையே அவற்றால் கட்டியிருந்ததை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள்.

வலை இடத்தையே மூடிவிடுகிறது. புறாவுக்கு 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலக் கண் உள்ள வலை போதும். அதைவிட நெருக்கமாகப் போட்டால் காற்றும் வெளிச்சமும்தான் குறையும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் பால்கனிக்கு ஆள் கூலியோடு 2,200 ரூபாய் ஆனது. ஆனால் வலையின் தரத்தைவிட அதைக் கட்டும் விதம் முக்கியம். சுற்றிலும் டிரில் போட்டு ஒரு அடிக்கு ஒரு கொக்கி, ஓரத்தில் கெட்டிக் கயிறு கோத்து, விரலால் தட்டினால் துள்ளும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் வலையில் புறாவின் கழுத்தோ சிறகோ மாட்டிக்கொள்ளும், நள்ளிரவில் அது அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்க முடியாது. ஏசி பெட்டியை மூடும்போது மெக்கானிக் கை நுழைக்க ஒரு பக்கம் அவிழ்க்கிற மாதிரி விடச் சொல்லுங்கள். செலவை மிச்சம் பிடிக்க அங்கே பச்சை நிழல் வலையைக் கட்டாதீர்கள், பெட்டி மூச்சுவிட முடியாமல் சூடாகும்.

வலைக்கு எதிரி அணில். எங்கள் மூலையில் ஆறாவது மாதமே ஒரு ஓட்டை. நைலான் ஊசி நூலால் தைத்தேன். மாதம் ஒருமுறை மூலைகளைப் பார்த்தால் போதும். இன்விசிபிள் கிரில் என்று எஃகுக் கம்பி கட்டுகிறார்களே, அதை அணில் கடிக்காது, குழந்தைகளுக்கும் பாதுகாப்பு, பார்வைக்கும் அழகு. விலைதான் வலையைப் போலப் பல மடங்கு. அதற்குப் போவதானால் கம்பிக்குக் கம்பி இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடச் சம்மதிக்காதீர்கள்.

வலை கட்ட வந்த பையன் ஏசி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு முட்டை கெடக்கு, தட்டிவிட்டுடவா?" என்றான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். அடைகாக்கும் காலம் 18 நாள் போல. அப்புறம் குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். வெளிர்மஞ்சள் மயிர் சிலிர்க்க, உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகோடு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்ததை அம்மா ஜன்னல் கண்ணாடி வழியாகத் தினமும் பார்ப்பார். இருமலுக்குக் காரணம் இவைதான் என்று தெரிந்தும், "ரெண்டும் பறக்கட்டும்டா" என்றார். அதுவரை ஜன்னலைத் திறக்கவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: குஞ்சுகள் கிளம்பும் முன்பே தாய் அடுத்த முட்டையை இட்டுவிடக்கூடும். அதனால் இரண்டாவது குஞ்சு பறந்த அன்றே இடத்தைச் சுத்தம் செய்து கட்டிவிட வேண்டும். எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஈரத்தோடு வழித்து எடுங்கள். துடைப்பம் கூடவே கூடாது.

இவ்வளவு செய்தும் ஒன்று மீதி இருந்தது. எங்கள் மொட்டைமாடியில் ஒருவர் தினமும் கிலோக்கணக்கில் தானியம் கொட்டுகிறார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1961 முதல் 1985 வரை சுமார் ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. பிறகு மக்களிடம் பேசித் தீனி போடுவதைக் குறைத்ததும் சில ஆண்டுகளில் பாதியாக இறங்கியது. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். வைத்த சோற்றைக் காக்கை தின்றதும் இலையை எடுத்துவிட்டால் புறாவுக்கு அங்கே வேலையில்லை. மூட்டை தானியம் வேறு கதை.

அம்மாவின் இருமல் மருந்தோடும் வலையோடும் அடங்கியது. ஆனால் எங்கள் ஏசி பெட்டியை விட்டுப் போன ஜோடி நான்காவது மாடியின் பெட்டிக்குத்தான் போயிருக்கிறது. அங்கே கைக்குழந்தை இருக்கிறது. என் வலை என் வீட்டை மட்டும்தான் காத்தது. குளியலறைகளுக்குப் பின்னால் இருக்கும் டக்டின் வாயை மொட்டைமாடியில் ஒரே வலையால் மூடினால் கீழே எட்டு வீட்டு ஜன்னல்களும் தப்பும், வீட்டுக்கு 300 ரூபாய்கூட ஆகாது. கணக்கை எழுதி அசோசியேஷனில் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தானியம் போடுபவரையும் நேரில் போய் அழைத்துவிட்டு வந்தேன்.