கையால் தீட்டியது என்று விற்கப்பட்ட அச்சுப்படம்: எட்வர்டு ஹிக்ஸ் பிரதி வாங்க நினைப்பவர்களுக்கு

அமெரிக்க ஓவியர் எட்வர்டு ஹிக்ஸின் ‘சமாதான இராச்சியம்’ ஓவியத்துக்குக் கையால் தீட்டிய எண்ணெய் வண்ணப் பிரதி என்று விளம்பரம் செய்திருந்த ஓர் இணையக் கடையில், சென்ற மார்ச் மாதம் 640 டாலர் கொடுத்து ஒரு படம் வாங்கினேன். வந்து சேர்ந்தது, கித்தான் துணியில் இயந்திரம் அச்சிட்டு, அதன் மேல் நிறமற்ற அக்ரிலிக் பசையைத் தூரிகையால் இழுத்துவிட்ட படம். நான் வசிப்பது பென்சில்வேனியாவில், ஹிக்ஸ் பிறந்து வாழ்ந்த பக்ஸ் கவுண்டிக்கு அருகில். அவருடைய ஓவியங்களை நேரில் பார்த்துப் பழகியவன் நானே ஏமாந்திருக்கிறேன் என்பதால், எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஹிக்ஸ் (1780-1849) வண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் வண்ணம் பூசிப் பிழைத்தவர். போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் சபையில் போதகரும்கூட. எளிமையை வற்புறுத்திய அந்தச் சபையில் ஓவியம் ஆடம்பரமாகவே கருதப்பட்டதால், தூரிகையை வைத்துவிட்டு விவசாயம் செய்து பார்த்து, அது கைகொடுக்காமல் மீண்டும் வண்ணத்துக்கே திரும்பினார். விவிலியத்தின் ஏசாயா நூல் 11ஆம் அதிகாரத்தில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கூடி வாழ, ஒரு சிறு பிள்ளை விலங்குகளை நடத்திச் செல்வதாக வரும் காட்சியை அவர் திரும்பத் திரும்பத் தீட்டினார். அறுபதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் இன்று அறியப்படுகின்றன. தொடக்க காலத்தவை சிலவற்றில் படத்தைச் சுற்றிச் சட்டம் போல வசனங்கள் எழுதப்பட்டிருக்கும். 1827இல் சபை இரண்டாகப் பிளந்த பிறகு வந்த படங்களில் விலங்குகளின் முகத்தில் இறுக்கம் ஏறுகிறது. பிற்காலச் சிங்கங்கள் களைத்துப் போனவை. பல வடிவங்களின் பின்னணியில் பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென், அங்கிருந்த பூர்வகுடிகளான லெனாப்பே மக்களோடு உடன்படிக்கை செய்யும் காட்சி இருக்கும். அதுவும் பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரின் படத்தை, தகட்டில் செதுக்கி அச்சிட்ட பிரதியில் பார்த்து ஹிக்ஸ் எடுத்துக்கொண்டதுதான். ஆகவே பிரதி எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. காப்புரிமை ஏதும் இல்லாத இந்த ஓவியத்தை யாரும் தீட்டலாம், விற்கலாம். தீட்டாததைத் தீட்டியதாகச் சொன்னதே என் குறை.

முதல் தவறு என்னுடையது. அறுபது வடிவங்களில் எது என்று விளம்பரத்தில் சொல்லவில்லை. நான் எழுதிக் கேட்டபோது, “மிகவும் புகழ்பெற்ற வடிவம்” என்று பதில் வந்தது. ஓவியரை வைத்துத் தீட்டுகிறவர் எவரும், எந்த அருங்காட்சியகத்தில் உள்ள எந்த ஆண்டின் படத்தைப் பார்த்துத் தீட்டுகிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுவார். அவர்கள் போட்டிருந்த புகைப்படம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள, சுமார் 1834ஆம் ஆண்டின் படம் என்று நானே அடையாளம் கண்டு, அந்தப் பெருமிதத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன்.

இரண்டாவது தவறு, அளவு. மூலப்படம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உடையது. நான் வாங்கியதோ 30 அங்குலச் சதுரம். உயரம் சரியாக இருக்கிறதே என்று பார்த்தேனே தவிர, அகலத்தில் மீதி எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. இடப்பக்கம் வெட்டப்பட்டு, உடன்படிக்கைக்குக் கூடியவர்களில் ஒரு பகுதியினர் ஓரத்தோடு மறைந்துபோனார்கள். குவேக்கர்கள் போரின்றி வாழ முடியும் என்று நம்பியதற்குச் சாட்சியாக ஹிக்ஸ் வைத்த காட்சி அது; அது குறைந்தால் மிஞ்சுவது குழந்தைகள் அறைக்கான விலங்குப் படம்.

பணம் கட்டிய ஆறாம் நாள் பெட்டி வந்தபோதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் மெல்லிய பூச்சுகூடத் தொடும் அளவுக்கு உலர நாட்கள் ஆகும்; இத்தனை விலங்குகளையும் இலைகளையும் ஒருவர் தீட்டி, உலர்த்தி, கட்டி அனுப்புவதற்கு ஆறு நாட்கள் எந்த வகையிலும் போதாது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்: சிங்கத்தின் பிடரி முழுவதும் மையின் நுண்புள்ளிகள். தூரிகைத் தடங்கள் உருவத்தைத் தொடரவே இல்லை. வானத்தில் தொடங்கிய ஒரு வளைவு சிறுத்தையின் கண்ணைக் கடந்து புல்லில் போய் முடிந்தது. மரச்சட்டத்தின் பக்கவாட்டில் படம் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி அச்சாகியிருந்தது. இவற்றைவிட என்னைச் சிரிக்க வைத்தது ஒன்று உண்டு. மூலப்படத்தில் காலத்தால் விழுந்த மெல்லிய வெடிப்புகள்கூட அப்படியே படத்தில் இருந்தன. விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. கூடவே வந்த சான்றிதழில் தங்க முத்திரை இருந்தது, தீட்டியவர் பெயர் இல்லை.

புகார் எழுதியதற்கு, தூரிகையால் மெருகேற்றியதும் கைவேலைதான் என்று விளக்கம் சொல்லி, 20 விழுக்காடு தள்ளுபடி தர முன்வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே சொல் என்று வணிகம் செய்து பெயர் வாங்கிய குவேக்கர்களின் படத்தை விற்பவர்கள் பேரம் பேசுகிறார்களே என்று தோன்றியது. நான் மறுத்துவிட்டு, விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, அவர்களுடைய கடிதங்கள், மையின் புள்ளிகளை நெருக்கமாக எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றைக் கடன் அட்டை வங்கிக்கு அனுப்பினேன். விளம்பரத்தை வாங்கும்போதே சேமித்து வைத்திருந்தது நல்லதாயிற்று, ஏனெனில் அடுத்த வாரமே ‘தீட்டிய’ என்ற சொல் அந்தப் பக்கத்திலிருந்து நீங்கிவிட்டது. ஏழு வாரங்கள் கழித்துப் பணம் திரும்பியது. படத்தைத் திருப்பி அனுப்பிய செலவு 58 டாலர் திரும்பவில்லை.

நேற்று வேறொரு பெயரில் உள்ள கடையில் அதே படத்தைப் பார்த்தேன். பாதி தீட்டிய கித்தானின் முன் தூரிகையோடு நிற்கும் அதே கையின் புகைப்படம், அதே 30 அங்குலச் சதுரம். விலை இப்போது 580 டாலர்.