காருக்கு சப் பூட்டக் குடுக்கிற ஆக்கள் முதல்ல பட்டறிக்குப் பக்கத்தில பியூஸ் இருக்கோ எண்டு பாருங்கோ

திருகோணமலையில காருக்கு சப் (சப்வூபர், அடி கேக்கிற பெரிய ஸ்பீக்கர்) பூட்ட நினைக்கிற ஆக்கள் இத ஒருக்கா வாசியுங்கோ. கடைட பேர் போடேல்ல, எங்க குடுத்தாலும் பாக்க வேண்டியது இதுதான்.

போன மாசம் என்ட டொயோட்டா 121 காருக்கு 12 இஞ்சி சப் ரெண்டும் அதுகளுக்குப் பவர் குடுக்கிற ஒரு அம்பும் (அம்பிளிபயர்) டவுனில பூட்டினனான், வயருக்கும் கூலிக்கும் மட்டும் 28,000 வாங்கினவை, "சுத்த செம்பு அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ" எண்டு அந்தப் பொடியன் என்ட முகத்தப் பாத்துச் சொன்னவன். முதல் நாலு நாள் அடி அந்த மாதிரி. பிறகு பத்து நிமிசம் பாட்டுப் போட்டா அம்ப்ல சிவப்பு லைற் எரிஞ்சு நிண்டிடும், மேல கை வைக்கேலாத சூடு. கேட்டா "வெயில் அண்ணை, டிக்கியக் கொஞ்சம் திறந்து வைங்கோ" எண்டினம். நானும் நம்பிட்டன்.

அடுத்த ஞாயிறு அக்காவையும் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு உவர்மலையில இருந்து நிலாவெளிக்குப் போறம், உப்புவெளி தாண்டி சாம்பல்தீவுக்குக் கிட்டப் போகேக்க செருப்பு எரியிற மாதிரி ஒரு மணம், அக்காட சின்னவன் முன் சீட்டில இருந்து "மாமா புகை" எண்டு கத்துறான், பாத்தா அவன்ட காலடியில காப்பெற்றுக்குக் கீழ இருந்து வருது. எல்லாரையும் இறக்கிட்டு 10ம் நம்பர் சாவியால பட்டறி நெகட்டிவக் கழட்டின பிறகுதான் நிண்டது. கை நடுங்கினதில சாவி ரெண்டு தரம் வழுக்கினது.

கிண்ணியாவில தெரிஞ்ச வயரிங் பாஸ் ஒராள் எல்லாத்தையும் இழுத்து வெளிய போட்டார். எஞ்சின் பக்கத்தால உள்ளுக்கு வாற ஓட்டைக்கு ரப்பர் போடாம பிளஸ் வயர வெறும் தகரத்துக்குள்ளால இழுத்திருக்கினம், கார் ஆட ஆட தகரம் மேல்தோல அறுத்து வயர் காரின்ட இரும்பு உடம்பில முட்டியிருக்கு. பியூஸ் இருந்தது டிக்கியில, அம்புக்குப் பக்கத்தில! கரண்ட் அதுமட்டும் போகவே இல்ல, நடுவழியில முட்டின இடத்திலயே பட்டறி முழுக்கக் கொட்டுது, பியூஸ் பத்திரமா இருக்கு, வயர் எரியுது. பட்டறியில இருந்து ஒண்டரை அடிக்குள்ள பியூஸ் இருந்திருந்தா அந்த நிமிசமே அறுந்திருக்கும். வயர பிளேட்டால சுரண்டிக் காட்டினார், உள்ளுக்க வெள்ளி நிறம், அலுமினியத்துக்கு செம்புப் பூச்சு.

அம்ப் சூடானது வேற கதை. ஓம் எண்டுறது சப்பின்ட தடை, அது குறையக் குறைய அம்ப் கூடக் கரண்ட் இழுத்துச் சூடாகும். என்ட சப் ஒவ்வொண்டிலயும் 4 ஓம் கொயில் ரெண்டு. நாலையும் பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் எண்டு சேத்து விட்டா 1 ஓம். பிரிட்ஜ் பண்ணினா (அம்பின்ட ரெண்டு சனலையும் ஒண்டாச் சேத்தா, என்டதும் அப்பிடித்தான்) 4 ஓமுக்குக் குறையக் கூடாதெண்டு அம்ப் மேலயே அடிச்சிருக்கு, அத ஒருத்தரும் வாசிக்கேல்ல. பாஸ் ஒவ்வொரு சப்பின்ட ரெண்டு கொயிலையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா சீரிஸாக்கி 8க்குக் கொண்டு வந்து, பிறகு ரெண்டு சப்பையும் பிளஸ்ஸோட பிளஸ்ஸா பரலலாப் போட்டு 4 ஆக்கினார். முந்தி மீற்றர் 1க்கும் குறையக் காட்டினது, இப்ப மூண்டரை, மீற்றரில கொஞ்சம் குறையத்தான் காட்டும், அது சரியாம். எர்த் வயரையும் காரின்ட தகரத்தில பெயின்ற் சுரண்டாமலே முறுக்கி விட்டிருக்கினம், எங்கட கடல் காத்துக்கு அது எத்தின நாள் நிக்கும்?

குடுக்கிறதெண்டா காசு எண்ண முதல் போனட்டத் திறந்து பியூஸக் காட்டச் சொல்லுங்கோ, அம்புக்குப் போற சப் வயரக் கழட்டி மீற்றர் வச்சு ஓம் காட்டச் சொல்லுங்கோ. மாட்டன் எண்டா கார எடுத்துக்கொண்டு வந்திருங்கோ.

எரிஞ்ச வயரக் கடைக்குக் கொண்டு போனன். "வொலியூம் கூட வச்சிருப்பீங்க" எண்டினம், ஒரு சதமும் திருப்பித் தரேல்ல. சின்னவன் இன்னும் என்ட காரில முன்னுக்கு ஏற மாட்டனெண்டுறான்.