டிரம் கிட்: தேர்வும் அமைப்பும்

டிரம் கிட் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த நிறுவனம், எந்த மரம் என்பதைத்தான். அந்தக் கேள்விகளில் தவறில்லை. ஆனால் நாள்தோறும் அதன் முன் உட்காரப் போகிறவருக்கு, தோளைத் தூக்காமலும் முதுகை முறுக்காமலும் வாசிக்கும்படி அந்தக் கிட் அமையுமா என்பது அவற்றைவிட முக்கியம். கீழே உள்ள தேர்வுகள் அனைத்தையும் அந்த ஒரு நோக்கிலேயே ஒப்பிடுகிறேன்.

முதல் கேள்வி, டிரம்மின் ஒலியே நேராகக் கேட்கும் அகூஸ்டிக் கிட்டா, பேடு எனப்படும் தட்டில் விழும் அடியை மின்னணு ஒலியாக மாற்றும் எலெக்ட்ரானிக் கிட்டா என்பது. அகூஸ்டிக் கிட்டின் ஸ்நேரில் (முழங்கால்களுக்கு நடுவே வைக்கும் முதன்மை டிரம்) நடுவில் விழும் அடிக்கு ஒரு நாதம், விளிம்போரம் விழும் அடிக்கு வேறொரு நாதம். குச்சியின் கோணம் சற்று மாறினாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும். கையைப் பண்படுத்த இதற்கு ஈடான ஆசிரியர் இல்லை என்றே நினைக்கிறேன். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை சத்தம். அறைக்குள் முழு வேகத்தில் வாசித்தால் ஒலி 100 டெசிபலை எளிதில் எட்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அதில் பாதி நேரம் என்ற பரவலான பாதுகாப்புக் கணக்கின்படி, 100 டெசிபலைக் காது தாங்கும் நேரம் 15 நிமிடந்தான். காதடைப்பான் இல்லாமல் அகூஸ்டிக் கிட்டில் பயிற்சி செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எலெக்ட்ரானிக் கிட்டின் பெரிய பலம் ஹெட்போனிலேயே வாசித்துவிடலாம் என்பது. 1980களில் பரவிய சிம்மன்ஸ் நிறுவனத்தின் அறுகோணப் பேடுகள் மிகக் கெட்டியானவை. மணிக்கட்டு வலிக்கிறது என்ற புகார் அவற்றின் மீது அப்போதே இருந்தது. 1997இல் ரோலண்ட் நிறுவனம் தன் வி-டிரம்ஸ் வரிசையில், வலைபோல் பின்னிய தோல் பூட்டிய வலைத்தோல் பேடுகளைக் கொண்டுவந்த பிறகே கை நிம்மதியடைந்தது. இன்றும் ரப்பர் பேடுக்கும் வலைப் பேடுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், மற்ற வசதிகளைக் குறைத்துக்கொண்டாவது ஸ்நேருக்கு வலைப் பேடு உள்ளதையே வாங்க வேண்டும். வலைத்தோலை அளவுக்கு மீறி இறுக்கினால் குச்சி இயல்பைவிட அதிகமாகத் துள்ளும். அந்தத் துள்ளலை நம்பிப் பழகிய கை அகூஸ்டிக் கிட்டில் தடுமாறும்.

எலெக்ட்ரானிக் கிட்டில் இரண்டு குறைகளை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பேடில் எழும் சத்தம் குறைந்தாலும், காலால் பேஸ் டிரம்மை அடிக்கும் பெடலின் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்குப் போகும். அதிர்வைத் தாங்கும் மேடை ஒன்று தேவைப்படும். மற்றொன்று, சிறிய பேடுகளை ஒரே சட்டத்தில் நெருக்கமாக மாட்டிவிடுவதால் உண்மையான கிட்டின் தூரங்கள் உடலுக்குப் பழகாமல் போவது. அதனால்தான் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு மேடையில் வாசிக்க விரும்புகிறவருக்கு, அகூஸ்டிக் டிரம்களிலேயே வலைத்தோலைப் பூட்டி, சிறு துளைகளிட்ட மெல்லொலிச் சிம்பல்களை (வட்ட உலோகத் தட்டுகள்) வைப்பதே சிறந்ததாக எனக்குப் படுகிறது. டிரம்களின் அளவும் இடமும் அப்படியே இருக்கும். சத்தம் மட்டும் பெருமளவு குறையும்.

அடுத்த கேள்வி ஐந்து டிரம்களா, நான்கா என்பது. ஐந்து டிரம் கிட்டில் பேஸ் டிரம், ஸ்நேர், மேலே டாம் எனப்படும் சிறு டிரம்கள் இரண்டு, வலப்பக்கம் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் ஒன்று இருக்கும். நான்கில் மேல் டாம் ஒன்று குறைவு. எண்ணிக்கையில் இது சிறிய வேறுபாடு, உட்கார்ந்து வாசிக்கும்போது பெரிய வேறுபாடு. 22 அங்குலப் பேஸ் டிரம்மின் மேல் 12, 13 அங்குல டாம்கள் இரண்டையும் ஏற்றினால், தொடர்ந்து தாளம் போட உதவும் ரைடு சிம்பல் இருக்க வேண்டிய இடத்தை இரண்டாவது டாம் பிடித்துக்கொள்கிறது. ரைடு வலப்பக்கம் விலகி, மேலேயும் ஏறிவிடும். ஒரு பாட்டு முழுவதும் ரைடிலேயே தாளம் போக வேண்டியிருந்தால், முழங்கை உடலைவிட்டு விலகி அந்தரத்திலேயே நிற்க, தோள்பட்டையின் பின்பக்கம் மெல்ல எரியத் தொடங்கும். நான்கு டிரம் கிட்டில் அதே ரைடு பேஸ் டிரம்முக்கு மேல் தாழ்வாக, டாமின் விளிம்பை ஒட்டி வந்து நிற்கிறது. முழங்கை விலாவுக்கு அருகே தொங்க, முன்கையும் விரல்களும் மட்டுமே உழைக்கின்றன.

இதனால் ஐந்து டிரம் கிட்டை ஒதுக்கிவிடத் தேவையில்லை. மேலிருந்து கீழாக மூன்று டாம் ஒலிகள் இறங்கிவரும் நடைகளை வாசிக்கிறவருக்கு அது வேண்டும். அவர் 10, 12, 14 அங்குல டாம்கள் கொண்ட ஃப்யூஷன் அளவைப் பார்க்கலாம். பேஸ் டிரம் 20 அங்குலமாக இருந்தால் டாம்கள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் அமையும். டாமின் ஆழத்தையும் கவனிக்க வேண்டும். ஆழம் கூடிய டாமைப் பெரிய பேஸ் டிரம்மின் மேல் வைத்தால் அதன் விளிம்பு உயர்ந்துவிடும். அதைச் சமாளிக்க டாமை வாசிப்பவர் பக்கம் செங்குத்தாகச் சாய்த்தால், குச்சியின் நுனி தோலில் குத்திக் குழி விழும். ஜாஸ் வாசிப்பவர்கள் விரும்பும் 18 அங்குலப் பேஸ் டிரம் உயரம் குறைந்தவர்களுக்கும் வசதியானது. ஆனால் பெடலின் சுத்தி அதன் நடுவுக்கு மேலே விழும் என்பதால், டிரம்மைச் சற்றுத் தூக்கி நிறுத்தும் தாங்கி ஒன்று வேண்டும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேப்பிள் சீரான, இதமான நாதம் தரும், பிர்ச்சில் அடி கூர்மையாகக் கேட்கும், ஒலிப்பதிவுக்கு அதை விரும்புவோர் பலர், பாப்லர் சிக்கனமானது. தொடக்கநிலைக் கிட்டில் மரத்தின் வேறுபாட்டைவிட, நல்ல தோல்களும் சரியான சுருதியும் பல மடங்கு வேறுபாட்டைக் காட்டும். சிம்பலுக்கு மட்டும் இந்தத் தாராளம் பொருந்தாது. பித்தளைச் சிம்பலை எப்படித் தட்டினாலும் அதன் ஒலியில் பெரிய மாற்றம் தெரியாது. செம்பு 80, வெள்ளீயம் 20 விழுக்காடு கலந்த வெண்கலச் சிம்பலுக்கு நெடுநாள் வாழ்வுண்டு.

இருக்கை பற்றிக் கடையில் கேட்பவர்கள் குறைவு. என் கணிப்பில் பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் அதுதான். வட்ட இருக்கையில் தொடைகள் தடையின்றி அசையும். சேண வடிவ இருக்கை எடையைப் பரவலாகத் தாங்கும், நீண்ட நேரம் வாசிப்பவர்களுக்கு இதமானது. எந்த வடிவமானாலும் அதன் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தக் கூடாது. இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி இருக்கையை வைக்க வேண்டும். தாழ்வாக உட்கார்ந்தால் ஒவ்வொரு பெடல் அடிக்கும் தொடையைத் தூக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமை நேராகக் கீழ்முதுகில் இறங்கும்.

கிட்டை அமைக்கும்போது டிரம்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் வெறும் இருக்கையில் உட்கார வேண்டும். பாதங்கள் தாமாக எங்கே விழுகின்றனவோ அங்கே பெடல்கள் வரட்டும். வலப்பாதம் இயல்பாகவே சற்று வெளிப்பக்கம் பார்ப்பதால், பேஸ் டிரம்மும் அதே திசையில் கொஞ்சம் திரும்பி நிற்கும். அதை நேராக்கப் போனால் முழங்காலும் இடுப்பும் முறுக்கிக்கொள்ளும். இரு முழங்கால்களுக்கு நடுவே ஸ்நேரை வைத்து, அதன் விளிம்பு தொடையைவிட இரண்டு விரல்கடை உயர்ந்திருக்கும்படி பார்க்க வேண்டும். விளிம்பையும் தோலையும் ஒருசேர அடிக்கும் ரிம்ஷாட்டைச் சிலமுறை வாசித்தால் உயரம் சரியா என்பது தெரிந்துவிடும்: ஸ்நேர் தாழ்ந்திருந்தால் கை தொடையில் இடிக்கும், உயர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். இடப்பக்கம் பெடலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட்டை வலக்கை குறுக்கே வந்து வாசிக்கும். அதைத் தாழ்த்தினால் வலத்தோள் தளரும், ஆனால் அதன் கீழே இடக்குச்சி எழும்ப இடம் போதாமல் இரு குச்சிகளும் மோதிக்கொள்ளும். ஒவ்வொரு அங்குலமாக ஏற்றிப் பார்த்து, மோதல் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பலைத் தட்டையாக வைப்பதைவிடத் தம் பக்கம் சிறிது சாய்த்து வைப்பது நல்லது. அப்போது குச்சி விளிம்பில் நேராக மோதாமல் வழுக்கிச் செல்லும். சிம்பலில் விரிசல் விழும் வாய்ப்பும் குறையும்.

இடக்கைக்காரர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கிட் முழுவதையும் கண்ணாடி பிம்பம் போல இடம் மாற்றுவது ஒன்று. சொந்தக் கிட்டில் வசதிதான், ஆனால் பலர் மாறி மாறி வாசிக்கும் மேடையில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட நேரம் கிடைக்காது. டிரம் கலைஞர்கள் பில்லி காபம், சைமன் ஃபிலிப்ஸ் ஆகியோரைப் போல வலக்கைக் கிட்டிலேயே கைகளைக் குறுக்கே போடாமல், இடக்கையால் ஹை-ஹாட்டை வாசிப்பது மற்றொன்று. இதற்கு ரைடை மட்டும் இடப்பக்கம் கொண்டுவந்தால் போதும். ஹை-ஹாட்டையும் தோளுக்கு இதமான அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளலாம்.