தானியங்கி மழைமானியின் நேரப்பதிவு: தேவிகுளம் மலையில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தேவிகுளம் வட்டத்தில் உள்ள ஓர் ஏலத்தோட்டத்தின் மழைக் கணக்கு என் பொறுப்பில் உள்ளது. கையால் அளக்கும் பழைய மழைமானிக்கு அருகிலேயே, 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழும் சிறு வாளியுடன் கூடிய தானியங்கி மழைமானி சில பருவங்களாக இயங்கி வருகிறது. மழையளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, தேதியில்தான் சிக்கல்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது; அப்போது அளக்கும் மழை அன்றைய தேதியில் எழுதப்படும். கருவியோ நள்ளிரவில் நாளை மாற்றுகிறது. ஆகவே 15ஆம் தேதி இரவு 10 மணிக்குப் பெய்த மழை தோட்ட ஏட்டில் 16 என்றும், கருவியின் நாள்தொகையில் 15 என்றும் நிற்கும். மணிக்கொரு பதிவு வரிசையாகச் சேமித்தால் 8.30இல் வெட்டவும் வழியில்லை. கருவியைக் கிரீன்விச் நேரத்தில் வைத்தபின் இது தீர்ந்தது: நம் நேரம் ஐந்தரை மணி முந்தியது என்பதால், அங்கே 3 மணி என்பது இங்கே சரியாக 8.30.

அடுத்த கேள்வி, '10.00' என்ற வரிசை அதற்கு முந்தைய இடைவெளியைக் குறிக்கிறதா, பிந்தையதையா என்பது. எங்கள் கருவியின் கையேடு இதைச் சொல்லவில்லை; எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. பத்து நிமிட இடைவெளி வைத்து, 10.05க்கு அளந்த தண்ணீரை மெல்ல ஊற்றினோம். அது 10.10 என்ற வரிசையில் விழுந்ததால், குறிக்கப்படுவது இடைவெளியின் முடிவு என்று உறுதியாயிற்று.

கடிகாரத்தின் இயல்பையும் அறிந்திருப்பது நல்லது. இத்தகைய பதிவுப் பெட்டிகளில் கடிகாரத்தை ஓட்ட வழக்கமாக இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேகமாகத் துடிக்கும். அதைவிடக் குளிர்ந்தாலும் சூடேறினாலும் பின்தங்கும். 5 டிகிரிக் குளிரில் இப்பிழை நாளுக்குச் சுமார் ஒரு நொடி. மூணாற்றுப் பக்கத்து மார்கழி, தை இரவுகளுக்கு இது பொருந்தும். மழைக் கணக்கை இது கெடுக்காது. ஆனால் மடிக்கணினியில் இணைத்தவுடன் மென்பொருள் கடிகாரத்தைத் திருத்திவிடுகிறது, ஏற்கெனவே பதிந்த நேரங்களைத் தொடுவதில்லை. ஆகவே இணைப்பதற்கு முன்பே கருவியின் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளிப் பதிவைவிட, ஒவ்வொரு கவிழ்வின் நேரத்தையும் தனித்தனியே சேமிக்கும் முறையே மேலானது. எந்த நேரத்திலும் நாளை வெட்டிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு: பதிவாவது வாளி கவிழ்ந்த நேரமே தவிர, துளி விழுந்த நேரம் அன்று. சாரல் நின்றபின் பாதி நிறைந்து கிடக்கும் வாளி, மறுநாள் மழையின் முதல் துளிகளோடு கவிழ்ந்து, நேற்றைய நீரையும் இன்றைய நேரத்தில் எழுதிவிடும். சாரல் நாட்களில் மட்டும் நாங்கள் கைமானியின் அளவையே ஏட்டில் ஏற்றுகிறோம்.