துணியா, கடை டயப்பரா: தண்ணீர், வெயில், துவைக்கிற கை

குழந்தைக்கு எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் இதற்குப் பதில் கிடையாது. வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது, கொடி கட்ட வெயில் படும் இடம் இருக்கிறதா, துவைக்கப்போவது யார் என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும். குழந்தையின் வயது நான்காவது கேள்வி. இவற்றை விட்டுவிட்டு விளம்பரத்தையோ பக்கத்து வீட்டுக்காரரையோ நம்பி மொத்தமாக வாங்கிய செட்டுகள்தான் அலமாரியில் கிடக்கின்றன.

கையில் இருக்கும் வழிகள் மூன்று: பழைய வேட்டியையோ நூல் புடவையையோ கிழித்த சதுரத் துணி; நீர்புகாக் கவரின் பைக்குள் இன்சர்ட் என்னும் உறிஞ்சும் துணிப்பட்டையைச் செருகி, துவைத்துத் திரும்பப் போடும் பாக்கெட் டயப்பர்; ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் கடை டயப்பர்.

பிறந்த முதல் மாதத்துக்கு வெறும் பருத்தித் துணிதான் எங்கள் முதல் தேர்வு. காரணம் சிக்கனமோ மரபோ இல்லை, கணக்கு. தாய்ப்பால் போதுகிறதா என்று பார்க்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை தடவை யூரின் போச்சு?’ என்பதுதான். ஐந்தாம் நாள் வாக்கில் இருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது போக வேண்டும். துணியில் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். கடை டயப்பரில் மூன்று தடவை போனதும் ஒரு தடவை போனதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளிப்பக்கத்து மஞ்சள் கோடு நீலமானால் நனைந்திருக்கிறது என்று தெரியும், எத்தனை தடவை என்று தெரியாது. இரண்டடிச் சதுரமாக முப்பது துணி, இரண்டு ரப்பர் ஷீட் இருந்தால் சமாளிக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் போகும் கருப்பு மலம் தோலில் அப்பிக்கொள்ளும். முன்கூட்டியே பின்புறத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி வைத்தால் துடைத்ததும் வந்துவிடும். இந்த நாட்களில் கடை டயப்பர் போடுவதானால், தொப்புள் கொடி காய்ந்து விழும்வரை முன்பக்க விளிம்பை அதற்குக் கீழே மடித்து விடுங்கள்.

கடை டயப்பருக்குள் இருக்கும் உறிஞ்சும் பொருள் சோடியம் பாலிஅக்ரிலேட். மரக்கூழோடு கலந்த இந்தத் தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்து ஜெல்லாகப் பூட்டிக்கொள்ளும். அழுத்தினாலும் எளிதில் திரும்ப விடாது. குழந்தை இரவு முழுக்கத் தூங்குவது இதனால்தான். பாக்கெட் டயப்பரில் அந்தப் பூட்டு இல்லை. மைக்ரோஃபைபர் என்னும் மெல்லிய செயற்கை இழை இன்சர்ட் வேகமாக உறிஞ்சும், ஆனால் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்ததும் அழுத்தத்தில் தொடையோரம் கசியும். மூங்கில், ஹெம்ப் (ஒரு வகைச் செடி நார்) இன்சர்ட் மெதுவாக உறிஞ்சும், விடாமல் வைத்திருக்கும். அதனால் தோல் பக்கம் மைக்ரோஃபைபர், அதற்கடியில் ஹெம்ப் என்று அடுக்கிப் பாக்கெட்டுக்குள் செருக வேண்டும். மைக்ரோஃபைபர் தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும் என்பதால் நேரடியாகத் தோலில் படக்கூடாது. புதிதாக வாங்கிய மூங்கில், ஹெம்ப் துணி நாலைந்து துவைப்புக்குப் பிறகுதான் முழுதாக உறிஞ்சும். முதல் நாளே கசிகிறதே என்று குறை சொல்பவர்களில் பலருக்கும் இதுதான் நடந்திருக்கும்.

பாக்கெட் டயப்பர் கைவிடப்படுவது பெரும்பாலும் துவைப்பில்தான். மலத்தை ஹெல்த் ஃபாசெட்டால் கழிப்பறைக்குள்ளேயே அடித்து விட்டு, இன்சர்ட்டை உருவி எடுத்து, மூடாத கூடையில் போடுங்கள். மூடிய வாளியில் ஊறப்போட்டால் நாற்றமும் கிருமியும் பெருகும், எலாஸ்டிக்கும் தளரும். இரண்டு நாளுக்கு மேல் சேர்க்கக்கூடாது. வாஷிங் மெஷினில் முதலில் சாதாரணத் தண்ணீரில் பாதி டிடர்ஜென்ட்டோடு ஒரு சின்னச் சுற்று. பிறகு முழு டிடர்ஜென்ட்டோடு 40 டிகிரியில் நீண்ட சுற்று. டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் துணி உரசாது, அழுக்கு போகாது. கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டிகள் வேண்டவே வேண்டாம். நூலின்மேல் படலம் கட்டி உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். வெளிக் கவரைக் கொதிநீரில் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் நீர்புகாப் படலம் பிரிந்தால் டயப்பர் அதோடு முடிந்தது. கவர் நிழலில், இன்சர்ட் நல்ல வெயிலில். மஞ்சள் கறையை வெயிலே எடுத்துவிடும்.

போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை. அந்தத் தண்ணீரில் சோப்புக்கட்டி போட்டுத் துவைத்தால், தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டு நூலில் படியும். ஒன்றிரண்டு மாதத்தில் இன்சர்ட் விறைத்துப் போகும், காலையில் கழற்றும்போது கண் எரியும் அளவுக்கு அமோனியா நெடி அடிக்கும். காய்ந்த இன்சர்ட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு ஓடினால் படலம் கட்டிவிட்டது. இன்சர்ட்டுகளை மட்டும் சூடான தண்ணீரில் சலவைச் சோடா கலந்து நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, வழுவழுப்பு அடியோடு போகும்வரை அலச வேண்டும். பிறகு கட்டியை விட்டு டிடர்ஜென்ட் தூளுக்கு மாறுங்கள், அளவையும் கொஞ்சம் கூட்டுங்கள். லாரித் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இத்தனை அலசலுக்கு வழியில்லை என்றால், கோடையில் கடை டயப்பருக்குப் போவதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை.

புண் விஷயத்தில் இரண்டு தரப்பும் மற்றதைக் குற்றம் சொல்கிறது. உண்மையில் புண்ணை உண்டாக்குவது ஈரம் தங்கும் நேரம். சிறுநீரின் யூரியா அமோனியாவாக உடையும்போது தோலின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது மலத்தில் இருக்கும் நொதிகள் வேகம் பிடித்துத் தோலை அரிக்கின்றன. எனவே மலம் போனால் உடனே, மற்றபடி துணியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடை டயப்பரை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நிரம்பவில்லையே என்று எட்டு மணி நேரம் பகலில் விடுவதுதான் கடை டயப்பரின் உண்மையான ஆபத்து. தொடை மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். துத்தநாகக் க்ரீம் தடவும் நாட்களில் துணி டயப்பருக்குள் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை விரியுங்கள், இல்லையென்றால் க்ரீமும் படலமாகும். பவுடர் எதிலும் வேண்டாம், மூச்சில் போகும். டயப்பரால் கால் கவட்டையாகும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. நடக்கத் தொடங்கும் வயதில் கால் இயல்பாகவே கொஞ்சம் வளைந்துதான் இருக்கும்.

பணக் கணக்கு சுலபம். ஒரு டயப்பர் 10 ரூபாய், நாளுக்கு ஆறு என்றால் மாதம் 1,800. இரண்டு வருடத்தில் 43,200. பாக்கெட் டயப்பர் 15, ஒன்று 500 ரூபாய் என்றால் 7,500, கூடுதல் இன்சர்ட்டுக்கு 1,500, ஆக 9,000. டிடர்ஜென்ட், தண்ணீர், மின்சாரம் தனி. அடுத்த குழந்தைக்கும் அதே செட் உதவும். இந்தக் கணக்கில் வராதது உழைப்பு. பெரும்பாலும் அது பிரசவித்த பெண்ணின் தலையிலோ அவர் அம்மாவின் தலையிலோ விழுகிறது. வீட்டு ஆண்கள் துவைப்பில் பங்கெடுக்காத வீட்டில் துணி ‘மலிவு’ என்று சொல்வது நியாயமில்லை.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை, 2008-இல் பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆய்வில் இரண்டரை வருடத்துக்குக் கடை டயப்பர் சுமார் 550 கிலோ, துணி சுமார் 570 கிலோ கார்பன் வெளியீடு என்று வந்தது. துணியின் கணக்கை ஏற்றியதில் வெந்நீர்த் துவைப்புக்கும் மின் உலர்த்திக்கும் பங்கு உண்டு. கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் எண் நன்றாக இறங்கும் என்று அதே ஆய்வு சொன்னது. நம் ஊர் வெயில் அந்த அனுகூலத்தை இலவசமாகத் தருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் தடித்த ஹெம்ப் இன்சர்ட் காய இரண்டு நாள் ஆகும். அதற்குக் கூடுதலாக ஆறேழு இன்சர்ட் இருக்க வேண்டும்.

கடை டயப்பரைக் கழற்றும்போது மலம் இருந்தால் பேன்ட் வகையைக் கீழே இழுக்காமல் இரண்டு பக்கத் தையலையும் கிழித்து எடுங்கள். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டி, காகிதத்தில் பொதிந்து தனியாகத் தர வேண்டும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளும் பொதிந்து தரத்தான் சொல்லின. கழிப்பறைக்குள் போட்டால் ஜெல் ஊதிக் குழாய் அடைக்கும், வெறுமனே வீசினால் தெருநாய் குதறும்.

பகலில் துணி, இரவுக்கும் பேருந்துப் பயணத்துக்கும் கடை டயப்பர் என்ற கலவைதான் அதிக வீடுகளுக்குப் பொருந்தும். பிரசவத்துக்கு முன்பு வாங்கி வைக்க, சதுரத் துணிகளும் நியூபார்ன் அளவுக் கடை டயப்பரில் ஒரே ஒரு சிறிய பொட்டலமும் போதும்; பல குழந்தைகள் ஒரு மாதத்திலேயே அந்த அளவைத் தாண்டிவிடும். பாக்கெட் டயப்பரில் இரண்டு வெவ்வேறு பிராண்டில் ஒவ்வொன்று வாங்கி, தொடை எலாஸ்டிக் ஜட்டிக் கோட்டில் சரியாக உட்காருகிறதா, இடுப்பில் இரண்டு விரல் நுழைகிறதா என்று ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு மீதி பதின்மூன்றை வாங்குங்கள்.