சுங்கை சிப்புட் பட்டறையில் உருவான என் முதல் முகாம் கத்தி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா செல்லும் சாலையில், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், ஓலை வெட்டும் உளி, பாராங் என்னும் பெரிய வெட்டுக்கத்தி ஆகியவற்றைத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு அடித்துக் கொடுப்பதும், தேய்ந்துபோனவற்றைக் காய்ச்சித் தட்டிச் சரிசெய்வதுமே அங்கு அன்றாட வேலை. நாம் வரைந்து கொண்டுபோகும் வடிவத்துக்கும் கத்தி செய்து தருவார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு ஒரு முகாம் கத்திக்குச் சொல்லியிருந்தேன். கூலியும் இரும்பும் பிடியும் தோல் உறையும் சேர்த்து 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அந்தக் கத்தியை எட்டு மாதம் காட்டிலும் ஆற்றங்கரையிலும் புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

பள்ளிச் சாரணர்களுடன் பிளஸ் ஆற்றோரம் முகாம் போகிற எனக்கு ஒரே கத்தியில் மூன்று வேலைகள் ஆகவேண்டும். மூங்கிலைப் பிளக்க வேண்டும், ஈர விறகின் உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியைச் சீவி எடுக்க வேண்டும், சமையலுக்கு வெங்காயமும் மீனும் நறுக்க வேண்டும். பாராங் முதல் வேலைக்கு நல்லது. ஆனால் வெங்காயத்துக்கு அது பெரிது. சமையலறைக் கத்தியோ மூங்கிலைக் கண்டாலே வளைந்துவிடும். அதற்கு முன்பு இணையத்தில் வாங்கிய ஒரு கத்தி இரண்டாம் முகாமிலேயே பிடிக்குள் முறிந்தது. பிரித்துப் பார்த்தபோது, பார்வைக்குத் தடித்திருந்த அந்தக் கத்தியின் வால், அதாவது அலகிலிருந்து பிடிக்குள் நீளும் பகுதி, சுண்டுவிரல் அகலம்கூட இல்லாமல், அலகோடு சேரும் இடத்தில் கத்தரித்ததுபோல் நேர்மூலையாக வெட்டப்பட்டிருந்தது. அந்த மூலையிலிருந்துதான் விரிசல் ஓடியிருந்தது. பக்கத்தில் நின்ற மாணவனின் காலருகே அந்த அலகு போய் விழுந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நானே வடிவமைத்துச் செய்யச் சொல்வது என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

முதலில் வரைந்து கொண்டுபோன படத்தில் 24 செண்டிமீட்டர் அலகும், 6 மில்லிமீட்டர் கனமும், முதுகில் ரம்பப் பற்களும், விரல்கள் பதிய நான்கு பள்ளங்களும் இருந்தன. பட்டறைப் பெரியவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் எது எந்த வேலைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். பற்களுக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கும்போது அந்தப் பற்கள் அடிக்கும் கட்டையைத்தான் தின்னும் என்றும், முதுகில் வெட்டப்படும் ஒவ்வொரு கூர்மூலையும் முறிவுக்கு இடம் கொடுக்கும் என்றும் அவர் விளக்கியபோது, முறிந்துபோன கத்தியின் நினைவு வந்து நானே அவற்றை அழித்தேன்.

அடுத்து அவர் செய்ததைத்தான் இந்தப் பட்டறையின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். இரும்பைத் தொடுவதற்கு முன்பே, திருத்திய வடிவத்தை ஒட்டுப்பலகையில் அறுத்துக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் புழங்கிப் பார்க்கச் சொன்னார். வெட்டாத பலகையை வைத்துக்கொண்டு என்ன தெரிந்துகொள்ள முடியும் என்ற தயக்கத்துடன்தான் எடுத்துப்போனேன். ஆனால் கையை நனைத்துக்கொண்டும், எண்ணெய் தடவிக்கொண்டும், குந்தி உட்கார்ந்து சீவுவதுபோல் பாவித்தும் பார்த்ததில், என் படத்தில் தெரியாதது எல்லாம் தெரிந்தது. விரல் பள்ளங்கள் ஒரே ஒரு பிடிமானத்துக்குத்தான் பொருந்தின. கையைச் சற்று முன்னால் நகர்த்தினால் மேடுகள் விரல்களுக்கு நடுவில் குத்தின. 24 செண்டிமீட்டர் அலகு சமையல் மணையைத் தாண்டி நீண்டது.

திரும்பிப் போனபோது அவர் அந்தப் பலகைப் பிடி முழுவதும் உலைக்கரியைப் பூசி, அதை இறுகப் பிடித்து இருபது முறை ஓங்கிக் காட்டச் சொன்னார். பிறகு என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கட்டை விரலின் அடியிலும் சுண்டுவிரலின் கீழும் மட்டும் கரி கனமாக ஒட்டியிருந்தது. நடு உள்ளங்கை வெளுப்பாகவே இருந்தது. பிடி நடுவில் ஒல்லியாக இருப்பதால் கையின் பாரம் முழுவதையும் அந்த இரண்டு இடங்களே தாங்குகின்றன என்றும், கொப்புளம் அங்கேதான் வரும் என்றும் சொல்லி, நடுப்பகுதிக்கு மெல்லிய புடைப்பும் பின்நுனிக்குக் கை நழுவாதபடி ஒரு வளைவும் வரைந்தார். பால் மரத் (ரப்பர்) தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை செய்த என் அம்மாவின் பால் வெட்டும் கத்தியை அடுத்த முறை எடுத்துப்போய்க் காட்டினேன். தேய்ந்து தேய்ந்து அவர் கைக்கென்றே ஆகிவிட்ட அந்தப் பிடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தது. இருட்டிலும் வெட்டுவாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கை அறிய வேண்டுமானால் பிடி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டறைப் பெரியவர் சொன்னதைக் கேட்டு, என் கத்திக்கும் அந்த வடிவத்தையே கேட்டு வாங்கினேன்.

முடிவாக, அலகு 17 செண்டிமீட்டர், மொத்த நீளம் 30 செண்டிமீட்டர், பிடியருகே முதுகுக் கனம் 5 மில்லிமீட்டர், முனையை நோக்கி அது 3 மில்லிமீட்டராகக் குறைவது என்று நிர்ணயித்தோம். வால் பிடியின் முழு அகலத்துக்கும் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அலகும் வாலும் சேரும் இடத்தில் நேர்மூலை இல்லாமல் உருட்டி அரம் போட்டிருக்கிறார். முனையை நோக்கி மெலிந்துபோவதால் கத்தி முன்பாரமாக இல்லை. பிடிக்கு ஒரு விரற்கடை முன்னால் விரலில் ஏந்தினால் நிற்கிறது. பாராங்குக்கு வேண்டிய முன்பாரம் இதற்கு வேண்டாம் என்பதே அவர் கருத்து. சீவும்போது மணிக்கட்டு வலிக்காததை வைத்துப் பார்த்தால் அது சரி என்றே எனக்கும் படுகிறது.

எஃகு, லோரி ஸ்பிரிங் பட்டைக்குரிய வகை. அமெரிக்க வழக்கில் 5160 என்றும், அதற்கு நெருக்கமான ஜப்பானிய வகையை எஸ்யூபி 9 என்றும் சொல்வார்கள். கரி (கார்பன்) 0.6 விழுக்காட்டுக்கு அருகிலும் சிறிதளவு குரோமியமும் இருப்பதால், அடி தாங்கும் குணம் இதற்கு அதிகம். ஓடித் தேய்ந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒளிந்திருக்கலாம் என்பதால், லோரியில் ஏறாத புதுப் பட்டையைத்தான் எனக்குப் பயன்படுத்தினார். விலை சற்றுக் கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று மற்றவர்களுக்கும் சொல்வேன்.

அலகைக் கடினமாக்குவதற்காக, அதைக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும் நாளன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்று பட்டறையின் சாளரத்தைச் சாக்கால் மறைத்து, கம்பியில் கட்டிய ஒரு காந்தத்தை அலகில் வைத்து வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தைப் பிடிக்காமல் விட்டுவிடும். அதற்குமேல் இன்னும் கொஞ்சம், 830 பாகை அளவுக்குச் சூடு ஏறி, நிழல்போன்ற கறைகள் எதுவும் இல்லாமல் அலகு முழுவதும் ஒரே ஆரஞ்சு நிறமானதும், முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிய எண்ணெயில் முனை கீழாகச் செங்குத்தாக இறக்கினார். பக்கவாட்டில் அசைத்தால் அலகு கோணிவிடும் என்பதால் மேலும் கீழுமாக மட்டுமே அசைத்தார். வெளியே எடுத்து அரத்தை வைத்து இழுத்தபோது, அது பிடிக்காமல் கண்ணாடியின்மேல் போவதுபோல் வழுக்கியது. அவ்வளவு கடினமான நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடைந்துவிடக்கூடும். ஆகவே அடுப்படி மின்னடுப்பில் 200 பாகையில் இரண்டு மணி நேரமாக இருமுறை வைத்துக் கடினத்தைச் சற்று இறக்கினார். தேய்த்து மினுக்கியிருந்த இடத்தில் வெளிர்ந்த வைக்கோல் நிறம் படர்ந்திருந்தது.

பிடிக்கு ரப்பர் மரமே வேண்டும் என்று நான் முதலில் பிடிவாதமாக இருந்தேன். அது வெளிர் மரம், பூஞ்சையும் வண்டும் எளிதில் பிடிக்கும் என்று அவர் மறுத்தார். மெர்பா மரமும் ஈரத்தில் சாயம் இறக்கும், இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். கடைசியில் மலாய்க்காரர்கள் கிரிஸ் என்னும் குறுவாளின் பிடிக்குப் பயன்படுத்தும் கெமுனிங் மரத்தை எடுத்தோம். மஞ்சளும் பழுப்புமாக வரியோடும் அந்த மரம், மீன் கழுவிய கையோடு பிடித்தாலும் வழுக்குவதில்லை.

கூர் விஷயத்தில் தவறு என்னுடையது. பக்கத்துக்கு 20 பாகைக் கோணம் போதும் என்று அவர் சொல்ல, வெங்காயம் மெல்லிதாக நறுக்க வேண்டும் என்று 15 பாகை கேட்டேன். முதல் முகாமிலேயே, காய்ந்த மூங்கில் கணுவில் பட்டு, அரை விரல் நீளத்துக்கு வெட்டுவாய் மடிந்துவிட்டது. முறியாமல் மடிந்தது எஃகு நன்றாகப் பதப்பட்டிருப்பதைத்தான் காட்டுகிறது. பணம் வாங்காமல் 20 பாகைக்குச் சாணை பிடித்துக் கொடுத்தார்; அதன்பிறகு மடியவே இல்லை.

பட்டறையின் பக்கமும் குறைகள் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் ஆயிற்று. தோட்டத்துக்காரர்களின் அரிவாளுக்கு முதலிடம் கொடுப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அன்றைய கூலி அந்த அரிவாளில் இருக்கிறது. ஆனால் தாமதமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று முறை வீணாகப் போய் வந்திருக்க மாட்டேன். தோல் உறை அதைவிடக் கவலைக்குரியது. தையலுக்கும் வெட்டுவாய்க்கும் நடுவில் கனத்த தோல் பட்டை ஒன்றை வைத்துத் தைத்திருக்க வேண்டும். அது இல்லாததால் இரண்டாம் மாதமே வெட்டுவாய் நூலை அறுத்து, முனை வெளியே எட்டிப் பார்த்தது. பிள்ளைகளுடன் நடப்பவரின் இடுப்பில் இருக்கும் பொருளுக்கு இது சிறு குறை இல்லை. உறையை ஈப்போவில் ஒரு தோல் தைப்பவரிடம் தனியாகச் செய்துகொண்டேன், 60 வெள்ளி ஆயிற்று. இந்தப் பட்டறையில் கத்தியை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

இந்த எஃகு துருப்பிடிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் செம்புள்ளி தெரியும். கழுவித் துடைத்து எண்ணெய் பூசி, உறைக்குள் போடாமல் வெளியே வைக்க வேண்டும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆயுதங்கள் குறித்த மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் இத்தகைய கத்தியை எடுத்துத் திரிவது குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முகாம் தொடங்கும்வரை நான் அதைத் துணியில் சுற்றிப் பையின் அடியில்தான் வைத்திருப்பேன்.

போக விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன்பே போவது நல்லது. அதற்குமேல் தோட்டத்திலிருந்து அரிவாள்கள் வந்து குவிந்துவிடும். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார். படத்தை உண்மையான அளவிலேயே அட்டையில் வெட்டி எடுத்துப்போங்கள், கைப்பேசியில் காட்டும் படத்தை அவர் பார்ப்பதே இல்லை. என் மூத்த மாணவன் ஒருவன் தன் அட்டை வடிவத்தைச் சென்ற வாரம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒட்டுப்பலகைக் கத்தியோடு திரும்பி வந்திருக்கிறான்.