4,500 ரூபாய் குட்டியும் 16,000 ரூபாய் குட்டியும்

ராஜபாளையம் நாய்க்குட்டி எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். மொத்தமாக எழுதிவிடுகிறேன். விற்றவரின் பெயரைப் போடவில்லை. "ஆறு குட்டிக்கு அறுபது போன் வருது தம்பி, பேரெல்லாம் எழுதிராதீங்க" என்று அவரே சொல்லிவிட்டார். ராஜபாளையத்திலிருந்து பைக்கில் அரைமணி நேரம், தோட்டத்து வீடு.

ஆண் குட்டி 16,000 ரூபாய். பேசிப் பார்த்தேன், ஐந்து ரூபாய் குறைக்கவில்லை. அந்தக் காசுக்குக் கன்றுக்குட்டியே வாங்கலாமே என்பது என் மாமியாரின் கணக்கு. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அதற்கு முந்தைய குட்டி வராமல் இருந்திருந்தால்.

அது மதுரையில் ஒரு கடையில் 4,500க்கு வாங்கியது. ஒரே கூண்டில் பதினோரு குட்டிகள், மூன்று நான்கு இனம். தாய் எங்கே என்றால் ஊரில் என்றார்கள். நாற்பத்தைந்து நாள் குட்டி என்றார்கள். பல்லைப் பார்த்த டாக்டர் முப்பது நாள் இருந்தால் அதிகம் என்றார். மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ரத்தமாகப் போனது. அந்த வாடையை மோந்தவர்களுக்குத் தெரியும், பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ் நோய். நான்கு நாள் டிரிப்ஸ், ஊசி எல்லாம் சேர்த்து 11,200 ரூபாய். டிரிப்ஸ் ஏற்ற ஆரம்பித்த ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. நோய் தொற்றி வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகுமாம், வரும்போதே கொண்டுவந்திருக்கிறது. கடைக்குப் போன் போட்டேன். "வீட்டுக்குப் போன பிறகு நாங்க பொறுப்பில்ல சார்." ஆக, அந்த மலிவுக் குட்டிக்கு நான் கொடுத்தது 15,700. போதாததற்கு, அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம். பிளீச்சிங் பவுடர் போட்டு முற்றத்தைக் கழுவிவிட்டு எட்டு மாதம் காத்திருந்தோம்.

சூடுபட்ட பூனையாயிற்றே, அடுத்தது விலை அதிகமான இடத்துக்கே போனேன். 40,000 ரூபாய். டைல்ஸ் போட்ட கூடம், தோலுக்கடியில் அடையாளத்துக்கு வைக்கிற மைக்ரோசிப், நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப்பின் சான்றிதழ். தாயைப் பார்க்கணும் என்றதற்கு செல்போனில் வீடியோ காட்டினார்கள். நான் கையைத் தட்டினேன். நான்கு குட்டிகள் திரும்பின, மூலையில் ஒன்று அசையாமல் தூங்கியது. "தூக்கக் கலக்கம் சார்." இரண்டாம் முறையும் தட்டினேன், அதே தூக்கம். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். சான்றிதழில் தாய் தகப்பன் பாட்டன் வரை இருக்கும், குட்டிக்குக் காது கேட்குமா என்பது இருக்காது.

ராஜபாளையம் நாயில் இதுதான் பெரிய விஷயம். வெள்ளைத் தோல், ரோஸ் மூக்கு என்று ஆசைப்பட்டுத்தான் வாங்குகிறோம். உடம்புக்கு நிறம் கொடுக்கிற அதே உயிரணுக்கள் உட்காதுக்கும் வேண்டுமாம். அவை அங்கே இல்லாமல் போனால் பிறவியிலேயே செவிடு என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

அதன் பிறகுதான் இந்த 16,000 ரூபாய் தோட்டத்துக்காரரிடம் போனேன். அவர் இதை நான் கேட்காமலே சொன்னார். குட்டிகள் தூங்கும்போது பின்னால் நின்று ஸ்டீல் டம்ளரைப் போட்டார். நான்கு எழுந்தன, இரண்டு எழவில்லை. "இது ரெண்டும் விக்கிறதுக்கில்ல, இங்கயே கெடக்கட்டும்." ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் டம்ளர் சோதனையில் தெரியாது என்பதையும் அவரேதான் சொன்னார். தாய் எங்களைப் பார்த்து உறுமியது. அது அடங்கி வாலை ஆட்டும்வரை எங்களைத் திண்ணையில் உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம்!

கேள்வி கேட்டது அதிகமும் அவர்தான். சொந்த வீடா, சுற்றுச்சுவர் உண்டா, பகலெல்லாம் கட்டிப் போடுவீர்களா. எனக்கு முன்னால் வந்தவர் அடுக்குமாடி வீட்டுக்குக் கேட்டார், இல்லை என்று அனுப்பிவிட்டார். நான் முதலில் போனபோது குட்டிக்கு முப்பத்தெட்டு நாள். அட்வான்சும் வாங்கவில்லை, அறுபதாம் நாள் வா என்றார். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் வந்த மத்திய அரசு விதி ஒன்று உண்டு. அவருக்கு அது தெரியாது. "எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு தாயும் கூடப் பொறந்ததும்தான் சொல்லித் தரணும்" என்றார்.

தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், டாக்டர் முத்திரை, பூச்சி மருந்து கொடுத்த தேதிகள் எல்லாம் இருந்தன. மதுரைக் கடையில் கொடுத்தது ஒரு விசிட்டிங் கார்டு.

குறையும் உண்டு. குட்டி உண்ணியோடு வந்தது, சுத்தம் செய்ய இரண்டு வாரம் ஆயிற்று. கென்னல் கிளப் சான்றிதழ் கிடையாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகிற எண்ணமிருந்தால் அங்கே போகாதீர்கள். அதே 2017 விதிப்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்றேன், மோர் குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றினார். ஜிபே இல்லை, ரொக்கம்தான். ரசீது என்று ஒரு நோட்டுத் தாள்.

ஆனால் பத்தாம் நாள் அவரே போன் செய்து அடுத்த ஊசி போட்டாச்சா என்று கேட்டார். போடவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது அவனுக்குப் பத்து மாதம். கேட் தாழ்ப்பாள் சத்தத்துக்கு எழுந்துவிடுகிறான், மாமியாரின் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கை. அடுத்த ஈத்து தை கழித்துத்தானாம், தாய்க்கு வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கிடையாது என்கிறார். நம்பர் வேண்டுமென்றால் நேரில் கேளுங்கள், தருகிறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல் அடித்தால்தான் எடுப்பார்.